மானுக்கும் மாட்டுக்கும் நடுவில பறக்கிற பூச்சி

போன இதழில ஒரு வாசகருக்குப் பதில் எழுதேக்க, மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியா வாற லம்பி ஸ்கின் வருத்தத்தை இலையானும் நுளம்பும்தான் பரப்புது, காட்டு மிருகத்துக்கும் அது தொத்தும் எண்டு ஒரே ஒரு வரி போட்டிட்டு விட்டிட்டன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் வட்ஸ்அப் மெசேஜும் எண்ணி முடியேல்ல. அதால இந்தமுறை நாய் பூனை எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டு (லாப்ரடோருக்கு முடி கொட்டுது எண்டு எழுதின அக்கா கோவிக்காதேங்கோ, அடுத்த இதழில கட்டாயம்) மாடு, ஆடு, மான் மட்டும் கதைப்பம்.

கேள்வி: டொக்டர், நான் வேலைக்காக வெள்ளவத்தையில இருக்கிறன், சொந்த ஊர் திருகோணமலை. அம்மா அங்க ரெண்டு பசு வச்சிருக்கிறா. உங்களுக்குத் தெரியும்தானே, எங்கட ரவுனுக்குள்ள புள்ளிமான் மாட்டோட மாடா திரியும். பக்கத்து வீட்டு ஐயா, மான்தான் காட்டு வருத்தத்தை மாட்டுக்குக் கொண்டு வருது, வளவுக்குள்ள வந்தா கல்லெறிஞ்சு கலையுங்கோ எண்டு அம்மாட்ட சொல்லியிருக்கிறார். உண்மையோ?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: கல்லை முதல் கீழ போடச் சொல்லுங்கோ தம்பி. அந்த மானுகளை நானும் பாத்திருக்கிறன், ஃபிரெட்றிக் கோட்டைக்குள்ள பின்னேரம் ஒரு மரத்தடியில ஏழெட்டு மான் படுத்திருக்க அதுக்கு நடுவில ஒரு சிவத்தப் பசு அசை போட்டுக்கொண்டு நிக்கும், கோயிலுக்குப் போற ஆக்கள் வாழைப்பழத் தோலைப் போட்டா ரெண்டு சாதியும் முட்டிக்கொண்டு வரும். பாக்க வடிவுதான். ஆனா உங்கட பக்கத்து வீட்டு ஐயா மானைப் பாக்கிறார், மான்ட காதைப் பாக்கேல்ல. அந்தக் காது ஒரு நிமிசம் சும்மா இருக்காது, அடிச்சுக்கொண்டே இருக்கும், ஏன் எண்டா காதோரத்தில மிளகுத்தூள் தூவின மாதிரி ஒண்டு ரெண்டு கறுப்புப் புள்ளி இருந்து கடிக்குது. அதுதான் எங்கட ஆள்.

அந்தப் பூச்சிக்கு குலிகோயிட்ஸ் எண்டு பேர். நீளம் 1 முதல் 3 மில்லிமீற்றர். இந்தியாவில கொசு எண்டா எங்கட நுளம்பு, எங்கட ஆக்கள் கொசு எண்டு சொல்றது பழத்தைச் சுத்துற பொடிப்பூச்சியை, இது அந்த ரெண்டும் இல்ல. பாத்தா எங்கட கொசு மாதிரி சின்னன், வேலை நுளம்புட வேலை. பொம்பிளைப் பூச்சி மட்டும்தான் ரத்தம் குடிக்கும், கூடுதலா பொழுதுபடேக்கயும் விடியப்புறமும். சாணி கலந்த ஈரச் சேத்தில, குளத்தோரத்தில, வயலோரத்தில முட்டை போடும். செம்மறியைப் படுக்க வைக்கிற நீலநாக்கு வருத்தம், இஎச்டி எண்டு சுருக்கிச் சொல்ற, மானுக்கு வாற ரத்தக்கசிவு வருத்தம், ரெண்டுமே இந்தப் பூச்சியாலதான் வருது.

இதில முக்கியமான விசயம் என்ன எண்டா மான் பக்கத்தில நிண்டதால, மூச்சு விட்டதால, ஒரே வாளியில தண்ணி குடிச்சதால எண்டு இந்த வருத்தங்கள் வழமையா வாறேல்ல. பூச்சி ஒண்டைக் கடிக்கோணும், வைரஸ் அதுக்குள்ள ஒரு கிழமை பத்து நாள் பெருகோணும், பிறகு அந்தப் பூச்சி இன்னொண்டைக் கடிக்கோணும். கொழும்பு ஆக்களுக்கு டெங்கை வச்சுச் சொன்னா உடன விளங்கும், டெங்குக் காய்ச்சல்காரருக்குப் பக்கத்துக் கட்டில்ல படுத்ததால எங்களுக்கு டெங்கு வாறதில்லத்தானே, அதே கணக்கு. லம்பி கொஞ்சம் வித்தியாசம், அதைக் கீழ ஹட்டன் தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறன்.

இன்னொண்டு. லம்பிக்கு வீடு மாடுதான், மான் இல்ல. ஒட்டகச்சிவிங்கி, இம்பாலா மான் ரெண்டுக்கும் ஆராய்ச்சிக்காக வைரஸைக் குத்திப் பாத்தப்போ வருத்தம் வந்தது, தாய்லாந்தில பன்டெங் எண்ட காட்டு மாட்டிலயும் கண்டுபிடிச்சிருக்கினம், ஆனா ஊர் ஊராப் பரவினது எல்லாம் மாட்டாலயும் மாட்டை ஏத்தின லொறியாலயும்தான். காட்டு மிருகம் குற்றவாளியா நிக்கிறதை விட, எங்கட மிருகத்திட்ட இருந்து வாங்கிக் கட்டினதுதான் கூட. பூச்சியால வாறது இல்ல எண்டாலும் வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட் எண்ட மாட்டுக் கொள்ளை நோய்) பாருங்கோ, கிட்டத்தட்ட 40 வருசம் இந்தத் தீவில இல்லாம இருந்தது, 1987-ல இந்திய அமைதிப்படைக்குச் சாப்பாட்டுக்காகக் கொண்டுவந்த உயிர் ஆடுகளோட திரும்ப வந்தது. மானோ மரையோ கடல் தாண்டிப் போய் அதைக் கூட்டிக்கொண்டு வரேல்ல. (அந்த வெக்கை 2011-ல உலகத்தை விட்டே ஒழிஞ்சிட்டுது எண்டு அறிவிச்சினம், அது பெரிய கதை, இன்னொரு நாள்.)

அம்மாட்ட சொல்லுங்கோ, கொட்டிலுக்குப் பின்னால சாணிக் கும்பம் ஈரமா இருந்தா அதை அள்ளட்டும். மான் வந்தா வரட்டும். ஆனா மான் ஒண்டு வாயில நுரை தள்ளி, முகம் வீங்கி, தண்ணிக்குப் பக்கத்தில செத்துக் கிடந்தா அதைத் தொடாம வனசீவராசிகள் ஆக்களுக்குச் சொல்லோணும். அது உங்கட மாட்டுக்கும் முன்கூட்டிய எச்சரிக்கைதான்.

கேள்வி: டொக்டர், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உழ்ஹிய்யா (குர்பான்) குடுக்க நாங்க அஞ்சாறு குடும்பம் சேந்து மாடு எடுக்கிற. ஒரு மாட்டுக்கு கட்டி இருந்தா அந்த இறைச்சியால மனிசருக்கு ஒண்டும் ஆகாதா? இந்தப் பூச்சி வருத்தம் ஒண்டும் மனிசருக்கு வராதா?
வாசகர், மாளிகாவத்தை

பதில்: நானா, லம்பி மனிசருக்கு வராது. நீலநாக்கும் வராது, இஎச்டியும் வராது, மூணு நாள் காய்ச்சல் எண்டு மாடு திடீரெண்டு படுத்து மூணாம் நாள் எழும்புற வருத்தம் ஒண்டு இருக்கு, அதுவும் வராது. அப்ப சாப்பிடலாமோ எண்டா, காய்ச்சலோட கட்டி உடைஞ்சு சீழ் வடியிற மாட்டை நல்ல வைத்தியர் அறுக்க விடமாட்டார், அது வைரஸுக்குப் பயந்து இல்ல, அந்தப் புண்ணில ஏறின மற்றக் கிருமிக்கும் மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்துக்கும்தான். 2023 நடுப்பகுதியில குருநாகல் பக்கம் லம்பி பரவி, பெருநாள் நெருங்கிற நேரம் பாத்து மாடு ஏத்திறதையே தடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். கூடுமா கூடாதா எண்ட மார்க்கக் கேள்வியை உங்கட மௌலவியிட்ட கேளுங்கோ, அதுக்குள்ள நான் வரேல்ல.

ஆனா பூச்சி வருத்தம் ஒண்டுமே மனிசருக்கு வராது எண்டு நான் எழுதினா அது பொய். ஒண்டு இருக்கு, ரிஃப்ட் வலி காய்ச்சல். இலங்கையில இல்ல, முதல்ல அதைச் சொல்லிப்போட்டுத்தான் மிச்சம். கென்யாவில நைவாஷா வாவிக்குப் பக்கத்தில ஒரு பண்ணையில 1930, 31-ல செம்மறிக் குட்டியெல்லாம் கொத்துக் கொத்தாச் சாக, சினை ஆடெல்லாம் கருக்கலைய, அப்ப கண்டுபிடிச்ச வைரஸ். இதைக் காவுறது நுளம்பு, அதுவும் எங்கட டெங்கு நுளம்புட சாதிக்காரர் ஈடிஸ். அந்த நுளம்பு பள்ளக் காணியில போட்ட முட்டை வருசக் கணக்கில காய்ஞ்சு கிடக்கும், முட்டைக்குள்ளயே வைரஸும் கிடக்கும், பெருமழை பெஞ்சு பள்ளம் நிரம்பினா எல்லாம் ஒண்டாப் பொரிச்சு வெளிய வரும். ஆபிரிக்கக் காட்டெருமைக்கும் இது தொத்துது, கருக்கலையுது. 1997, 98-ல எல் நினோ மழையோட கிழக்கு ஆபிரிக்காவில வெடிச்சது அப்பிடித்தான். 2000-ல செங்கடலைத் தாண்டி சவூதியிலயும் யெமன்லயும் வந்தது, ஆபிரிக்காவுக்கு வெளிய அதுதான் முதல் தடவை.

மனிசருக்கு இது வாறது கூடுதலா நுளம்புக் கடியால இல்ல நானா, அறுக்கேக்க, தோல் உரிக்கேக்க, கண்டு போட உதவி செய்யேக்க கையில படுற ரத்தத்தால. கனபேருக்கு சும்மா காய்ச்சலோட போயிடும், கொஞ்சப் பேருக்குத்தான் கண்ணையோ மூளையையோ ஈரலையோ பிடிக்கும். எங்களிட்ட இல்லாத வருத்தத்துக்கு இவ்வளவு ஏன் எழுதுறன் எண்டா, அறுக்கிற இடத்தில வெறுங்கையோட நிக்கிற பொடியன்மாரை ஒவ்வொரு வருசமும் பாக்கிறன். ஒரு சோடி கையுறை பெரிய விலை இல்ல.

கேள்வி: டாக்டர் ஐயா, நான் கிராண்ட்பாஸ்ல வேலை பாக்குறேன், ஊரு ஹட்டன் பக்கம். அப்பா தோட்டத்துல ரெண்டு கறவை மாடு வெச்சிருக்காரு. அங்க குளிரு, பூச்சி கம்மி, அப்போ இந்த நோயெல்லாம் வராதுங்களா? ராத்திரி மரை வந்து புல்லு மேயும்.
வாசகி, கிராண்ட்பாஸ்

பதில்: அரைவாசி சரி தங்கச்சி. நீலநாக்கு மாதிரி வருத்தத்தில வைரஸ் பூச்சிக்குள்ள பெருகோணும் எண்டு மேல சொன்னன், அந்தப் பெருக்கத்துக்கு சூடு வேணும், ஒரு 12, 13 பாகைக்குக் கீழ போனா அது நிண்டிடும். அதால நுவரெலியா, ஹோட்டன் சமவெளிக் குளிர் ராத்திரியில அந்த வேலை மெதுவாத்தான் நடக்கும், கொழும்பில வருசம் 12 மாதமும் லீவில்லாம நடக்கும். ஹோட்டன் சமவெளியில கூட்டமா நிக்கிற மரையைப் பாத்து அப்பா பயப்பிடத் தேவையில்ல.

ஆனா லம்பி அந்தக் கணக்குக்கு அடங்காது. அதில வைரஸ் பூச்சிக்குள்ள பெருகவேண்டிய அவசியமே இல்ல. கொட்டில்ல மாட்டுக் காலைச் சுத்திக் கடிக்கிற இலையான் தெரியும்தானே, வீட்டு இலையான் மாதிரியே இருக்கும், ஆனா வாயில ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு மாட்டைக் கடிக்கேக்க மாடு வாலால அடிச்சுக் கலைக்கும், உடன அரைகுறைப் பசியோட பக்கத்து மாட்டில போய் இருக்கும், வாயில ஒட்டின வைரஸ் அப்பிடியே ஏறும். கழுவாத ஊசி, அவ்வளவுதான். உங்க அப்பாட்ட இருக்கிறது ரெண்டு மாடு, புதுசா ஒண்டு வாங்கினா அதை நாலு கிழமையாவது தள்ளிக் கட்டச் சொல்லுங்கோ. மரையை விட, சந்தையில வாங்கின மாட்டைத்தான் நான் சந்தேகப்படுவன்.

லம்பி வந்த பாதையைப் பாத்தாலே தெரியும். 1929-ல சாம்பியாவில முதல் கண்டது, எத்தனையோ காலம் ஆபிரிக்காவோட கிடந்தது, பிறகு மத்திய கிழக்கு, 2015-ல கிரேக்கம், 2019-ல பங்களாதேசமும் இந்தியாவும், 2020-ல எங்கட வடக்கு. 2022-ல இந்தியா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல மாடு செத்தது, ராஜஸ்தானிலதான் கூட, டிவியில ரோட்டோரம் கிடந்த மாடுகளைப் பாத்திருப்பீங்கள். வழமையா இந்த வருத்தத்தில சாகிறது நூற்றுக்கு ஒண்டிலேர்ந்து அஞ்சுக்குள்ளதான், ஆனா பால் வத்திறது, சினை கலையிறது, தோல் பழுதாகிறது, அந்தக் கணக்கை ஆரும் எழுதுறேல்ல.

கேள்வி: கோமாரியும் இதுவும் ஒண்டா?
வாசகர், வத்தளை

பதில்: இல்ல. கோமாரிக்கு, கால் வாய் நோய்க்கு, பூச்சி தேவையில்ல, மாட்டுட எச்சில், மூச்சு, சேறு பட்ட சப்பாத்து போதும். நீலநாக்கு வந்த செம்மறியும் வாயில புண்ணோட நொண்டும், அதால ரெண்டையும் மாறி நினைக்கிறது சகஜம், ரத்தம் எடுத்து அனுப்பித்தான் பிரிக்கோணும்.

கேள்வி: டொக்டர், நான் ஏ எல் பயோ செய்யிறன். நீலநாக்கு காத்தில பறந்து கடல் தாண்டினது எண்டு ரியூசன் சேர் சொன்னார். அது எப்பிடி, பூச்சி அவ்வளவு தூரம் பறக்குமா?
மாணவி, தெஹிவளை

பதில்: பூச்சி பறக்கேல்ல பிள்ளை, காத்து தூக்கிக்கொண்டு போனது. அந்தப் பூச்சிக்குத் தானா நல்லாப் பறக்கத் தெரியாது, ஆனா பாரமே இல்லாததால கடலுக்கு மேல நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் காத்தோட போகும். 2006 ஓகஸ்டில நெதர்லாந்து, பெல்ஜியம், ஜேர்மனி சந்திக்கிற மூலையில நீலநாக்கு 8-ம் வகை வந்தது, அது வரைக்கும் அவ்வளவு வடக்க இந்த வருத்தம் வரும் எண்டு ஆரும் எதிர்பாக்கேல்ல. அடுத்த வருசம் ஓகஸ்டில ஒரு ராத்திரிக் காத்து வடகடலுக்கு மேலால இங்கிலாந்துக் கிழக்குக் கரைக்கு வீசினது, செப்டெம்பரில இப்ஸ்விச்சுக்குப் பக்கத்தில நீள மயிர் ஹைலண்ட் பசு ஒண்டில கண்டுபிடிச்சினம். காலநிலைக்காரரும் மாட்டு வைத்தியரும் ஒரே மேசையில இருந்து காத்துப் படத்தைப் பாத்துப் பிடிச்ச கேஸ் அது. அந்த ரெண்டு வருசமும் ஐரோப்பிய மிருகக்காட்சிச் சாலைகளில பைசன், யாக் எல்லாம் விழுந்தது, கூண்டுக்குள்ள இருந்தும் தப்பேல்ல. நீங்க இருக்கிறது தெஹிவளை சூவுக்குப் பக்கத்தில எண்டதால இதைச் சொல்றன், கம்பி வலை மானைத்தான் மறிக்கும். இப்ப உங்கட வரைபடத்தை எடுத்து தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில அளந்து பாருங்கோ, 30 கிலோமீற்றர் வரும். தமிழ்நாட்டுச் செம்மறிக்கு நீலநாக்கு வடகிழக்குப் பருவமழையோடதான் வாறது, 1997, 98-ல பெருவாரியாச் செத்தது.

இஎச்டியைப் பற்றி உங்கட புத்தகத்தில இருக்காது, அதால ரெண்டு வரி. 1955-ல அமெரிக்காவில நியூ ஜேர்சியில வெள்ளைவால் மானில கண்டது. காய்ச்சல் தாங்காம, தாகத்தில மான் தண்ணி தேடிப் போய் குளத்தோரத்திலயே செத்துக் கிடக்கும், உள்ளுக்க எல்லா உறுப்பிலயும் ரத்தம் கசிஞ்சிருக்கும். முதல் உறைபனி விழுந்து பூச்சி செத்தா அந்த வருசத்துச் சாவும் நிண்டிடும். அதே வைரஸ் மாட்டில பெரும்பாலும் சத்தம் போடாம வந்து போகும். நீலநாக்கும் அப்பிடித்தான், செம்மறி படுத்திடும், மாடு ஒண்டும் தெரியாத மாதிரி புல்லுத் தின்னும், ஆனா அதுட ரத்தத்தில கிழமைக் கணக்கில வைரஸ் ஓடும். மானையும் செம்மறியையும் கொல்றதை நல்ல தேகசுகத்தோட நிக்கிற மாடு காவுது, சோதினையில கேட்டா இதை எழுதுங்கோ. 2022-ல இஎச்டி 8-ம் வகை இத்தாலியிலயும் ஸ்பெயின்லயும் வந்து அடுத்த வருசம் பிரான்சுக்குள்ள போனது, அங்க மாடும் வருத்தக்காரரா நிண்டது, அதால சத்தம் போடாது எண்டதையும் வேதவாக்கா எடுக்கேலாது.

கேள்வி: ஐயா, சதுப்புக்குப் பக்கத்தில 9 ஆடும் ஒரு பசுவும் வச்சிருக்கிறன். கொட்டிலுக்கு நுளம்பு வலை அடிச்சன், காசும் போச்சு, இன்னும் பின்னேரம் பசு காலை உதைச்சுக்கொண்டே நிக்குது. வலை பழுதோ?
வாசகர், மட்டக்குளி

பதில்: வலை நல்ல வலைதான் அண்ணை, பூச்சிதான் சின்னன். சாதாரண நுளம்பு வலைக் கண்ணுக்குள்ளால குலிகோயிட்ஸ் வாசலால வாற மாதிரி வரும். ஒருநாள் பொழுதுபடேக்க டோர்ச்சை எடுத்துக்கொண்டு பசுவுக்குப் பக்கத்தில குந்தி அடிவயித்தில, மடிக்கு முன்னால அடிச்சுப் பாருங்கோ, முதுகைப் பாக்காதேங்கோ, அடிவயித்தில. மயிருக்கு இடையில எள்ளுப் போட்ட மாதிரி தெரியும். அதுதான் உதைக்கிறதுக்குக் காரணம்.

இதுக்கு மலிவான வழி ஒண்டு இருக்கு, பழைய ஸ்டாண்ட் ஃபேன். நான் பகிடிக்குச் சொல்லேல்ல, காத்து கொஞ்சம் பலமா அடிச்சா இந்தப் பூச்சியால பறந்து இருக்க ஏலாது. பின்னேரம் அஞ்சரையிலேர்ந்து ஏழரை வரைக்கும், திரும்ப விடியப்புறம் ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கோ, கரண்ட் பில்லை நினைச்சு ராத்திரி முழுக்க விடத்தேவையில்ல. வேப்பிலைப் புகை கொஞ்ச நேரத்துக்கு உதவும், ஆனா மூடின கொட்டிலுக்குள்ள போட்டு ஆட்டுக் குட்டிக்கு இருமல் வரப் பண்ணாதேங்கோ. சாணியைக் கும்பிச்சு ஈரமா விடாம ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்கா பரப்பிக் காயவையுங்கோ, மூத்திரம் தேங்கிற பள்ளத்தை மண் போட்டு நிரப்புங்கோ. சதுப்பை உங்களால காயவைக்க ஏலாது, காயவைக்கவும் கூடாது, 2018-ல கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கிற உலக ஒப்பந்தம்) ஈரநில நகரம் எண்டு பட்டமே குடுத்திருக்கினம்.

வைரஸைக் கொல்ற மருந்து இதில ஒண்டுக்கும் இல்ல, காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் பாக்கிறதுதான் வைத்தியம். லம்பிக்குத் தடுப்பூசி இருக்கு, அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில பசுட பேரைப் பதிஞ்சு வையுங்கோ. ஊசி போட வாறவர் ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி பாவிக்கிறாரோ எண்டு பக்கத்தில நிண்டு பாருங்கோ, வெக்கப்படாதேங்கோ. நான் இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. லம்பி முதல் அலை நேரம் ஒரு பட்டிக்குப் போனன், மாடு 11, பையைத் திறந்தா ஊசி மூண்டுதான் மிச்சம். ஸ்பிரிட்டால துடைச்சுச் சமாளிப்பம் எண்டு கையில எடுத்திட்டன். மாட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட வீட்டுக்கார அம்மா என்னைப் பாத்து, "இலையான் குத்தினா பிழை, நீங்கள் குத்தினா சரியோ டொக்டர்?" எண்டு கேட்டா. 30 வருச சேர்விஸ், வாய் திறக்கேல்ல. மூண்டு மாட்டுக்குப் போட்டிட்டு வெளிக்கிட்டு, அடுத்தநாள் ஒரு பெட்டி ஊசியோட போனன், அந்த அம்மா தேத்தண்ணி தந்தவ, சீனி கொஞ்சம் கூடப் போட்டு.

கேள்வி: டொக்டர் மாமா, எங்கட அப்பப்பா வளக்கிற ஆட்டுக்கு நாக்கு நீலமா கறுப்பா இருக்கு. அதுக்கு நீலநாக்கு வருத்தமா? செத்துப்போகுமா?
ஆறாம் வகுப்பு, கொட்டாஞ்சேனை

பதில்: சாகாது செல்லம். நீலநாக்கு வந்த ஆட்டுக்கு நாக்கு வீங்கி வாய்க்கு வெளிய தொங்கும், மூக்கால சளி வடியும், புல்லைக் கண்டா முகத்தைத் திருப்பும், ரத்தத்தில ஒட்சிசன் குறையிறதால சிலதுக்குத்தான் நாக்கு நீலமாகும். உங்கட ஆடு புல்லுத் தின்னுதோ? துள்ளுதோ? அப்ப அது பிறக்கேக்கயே கறுப்பு நாக்கோட பிறந்த ஆடு, சில ஜேர்சி மாட்டுக்கும் அப்பிடி இருக்கும். அப்பப்பாட்ட கேட்டுப் பாருங்கோ, குட்டியா இருக்கேக்கயும் அந்த நாக்கு கறுப்புத்தான் எண்டுவார்.